தகரத் தாடை

கணினித் திரையில் ஒரு வரியைப் படித்துவிட்டு, ‘இதை எழுதியவன் யார், அவனுக்கு எப்படித் தெரியும்?’ என்று நீங்கள் என்றைக்காவது கேட்டதுண்டா? மேடையில் பேசுகிறவனைக் கேட்கிறோம். கருவறைக்குள் நிற்கிறவனைக் கேட்கத் துணிந்தவர்களும் நம்மிடையே உண்டு. திரையைக் கேட்டவர் யார்?

ஷார்ஜா தொழிற்பேட்டையில் ஒரு கிடங்கு. அங்கே உட்கார்ந்துகொண்டு, ஆப்பிரிக்க முகமூடிகள் எதற்கானவை என்று உலகத்துக்கே சில ஆண்டுகள் பாடம் சொன்னவர் ஒருவர் இருந்தார். பெயர் ஜெயமணி, ஊர் அருப்புக்கோட்டைப் பக்கம். ஆப்பிரிக்காவை அவர் பார்த்ததில்லை. ஆப்பிரிக்கர் ஒருவரோடு அப்போது பேசியதும் இல்லை.

அப்பா கொத்தனார். பிளஸ் டூ முடித்ததும் மகனை டைப்ரைட்டிங் வகுப்பில் சேர்த்தார். லோயரில் தேறிய ஜெயமணி ஹையரில் தவறினார். ஷார்ஜாவில் ஆபீஸ் வேலை என்று ஏஜென்ட் சொன்னதை நம்பி இரண்டாயிரத்து மூன்றில் விமானம் ஏறினார். இறங்கியதும் அவர் கையில் கொடுத்தது பெட்டிகளில் ஆணி பிடுங்குகிற கடப்பாரை.

முதலாளி கீழக்கரைக்காரர், செய்கு அலாவுதீன். வேளை தவறாமல் தொழுகிறவர். சம்பளத்தை இழுத்தடிக்காதவர். வளைகுடாவில் அந்த ஒன்றுக்கே ஒரு மனிதரை நல்லவர் என்று சொல்லிவிடலாம் என்கிற அளவுக்கு நிலைமை இருக்கிறது. மேற்கு ஆப்பிரிக்கத் துறைமுகங்களிலிருந்து அவருக்குக் கன்டெய்னர்கள் வரும். முகமூடிகள், முக்காலிகள், முரசுகள், எல்லாம் பழஞ்சாக்கில் சுற்றிக் கிடக்கும். ஓட்டல் வரவேற்பறைக்கும் வில்லாக்களின் மாடிப்படிச் சுவருக்கும் அவற்றை வாங்கிப் போவார்கள். எந்த ஊரிலிருந்து வந்தது, யார் வீட்டிலிருந்து வந்தது என்று வாங்குகிறவரும் கேட்பதில்லை, விற்கிறவரும் சொல்வதில்லை. தரகருக்குத் தரகர், அவருக்கு மேல் ஒரு தரகர். கடைசியில் ஒரு மனிதனின் வீடு எங்கோ திறந்து கிடக்கிறது என்பது யாருக்கும் தெரியாமல் போகிறது.

பெட்டி பிரிக்கிறவர்களுக்கு அது சிரிப்பு வேலை. கூட வேலை செய்த வீரபாண்டி ஒரு முகமூடியை எடுத்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டு, "ஏலே ஜெயமணி, யல்லா யல்லா, ஜல்தி கரோ!" என்று அவசரப்படுத்திக் கத்துவார்.

"நம்ம போர்மேன்தானே? அப்படியே இருக்கு. பல்லு மட்டும் இதுக்குக் கொஞ்சம் அழகு."

"போர்மேன் காதுல விழுந்துச்சு, உன் மூஞ்சியையும் பொட்டியில போட்டு அனுப்பிருவாரு."

இரண்டாயிரத்து ஐந்தில் முதலாளிக்கு இணையத்தில் விற்கும் ஆசை வந்தது. சென்னையில் யாரோ தளம் அமைத்துக் கொடுத்தார்கள். கிடங்கில் ஆங்கிலத்தில் டைப் செய்யத் தெரிந்தவர் ஜெயமணி ஒருவரே. கடப்பாரை போய்க் கணினி வந்தது. ஏஜென்ட் சொன்ன ஆபீஸ் வேலை கடைசியில் கிடைத்துவிட்டது என்று ஊருக்கு போன் போட்டுச் சொன்னார்.

ஒவ்வொரு முகமூடிக்கும் ஒரு பக்கம். படம் ஏற்ற வேண்டும். பிறகு கட்டங்களை நிரப்ப வேண்டும். நாடு, காலம், பயன்.

"மொதலாளி, பயன்னு ஒரு கட்டம் இருக்கு. என்ன போடட்டும்?"

"எனக்கு என்னப்பா தெரியும்? வித்தவனுக்கே தெரியாது. சும்மா விட்டுடு."

"சும்மா விட்டா சேவ் ஆக மாட்டேங்குது. செவப்பா ஒரு ஸ்டார் வந்து நிக்குது."

முதலாளி எட்டிப் பார்த்தார். திரையில் ஒரு கரிய முகம். பிதுங்கிய கண், பிளந்த வாய், வாய் நிறையப் பல்.

"பொய்யா எதையும் எழுதிடாதேப்பா. பாத்தா உனக்கு என்ன தோணுதோ அத எழுது."

ஜெயமணிக்குத் தோன்றியது ஒன்றுதான். அப்பா கட்டிய ஒவ்வொரு வீட்டின் சாரத்திலும் வைக்கோல் பொம்மை ஒன்று தொங்கும். பூசணிக்காயில் கண்ணும் பல்லும் வரைந்து கட்டுவார்கள். கோரப் பல்லைக் கண்டால் நம்மவர் மூளை வேறெங்கும் போகாது. அவரும் ஆங்கிலத்தில் அடித்தார்: ‘வீட்டு முன்னால் மாட்டுவது. கண் திருஷ்டியைக் கழிக்கும். மிகவும் சக்தி வாய்ந்தது.’ சிவப்பு நட்சத்திரம் மறைந்தது. பக்கம் பதிவானது.

நாடு என்ற கட்டத்துக்கு அவர் ‘மாலி’ என்று போட்டார். காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். பட்டியலில் நாலே ஆங்கில எழுத்தில் முதலில் கண்ணில் பட்ட நாடு அதுதான். ஹையரில் ஸ்பெல்லிங் பிழைக்காகத் தவறியவருக்கு அந்த நாலு எழுத்து பெரிய நிம்மதி. கோபமான முகமெல்லாம் மாலி, திருஷ்டி. சாந்தமான முகமெல்லாம் மாலி, திருமணம்.

அவர் ஏமாற்ற நினைக்கவில்லை. கண் பட்டால் சுவர் இடியும் என்பதை அவர் உண்மை என்றே நம்பினார். சிமெண்டில் மணல் கூடினால்தான் சுவர் இடியும் என்பது அவருடைய அப்பாவுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் பொம்மை கட்டினார். நம் வீட்டு மூடநம்பிக்கையை முன்பின் தெரியாத ஒரு மக்கள் கூட்டத்தின் தலையில் ஏற்றிவிட ஒரு சிவப்பு நட்சத்திரம் போதுமானதாக இருந்தது.

ஏற்றியது இறங்கவில்லை, பரவியது. அமெரிக்காவில் ஒரு கடை அந்த வரியை அப்படியே எடுத்துப் போட்டது. கடையைப் பார்த்து ஒரு சேகரிப்பாளர் தன் பக்கத்தில் எழுதினார். அவரை மேற்கோள் காட்டி யாரோ ஒரு மாணவர் கட்டுரை எழுதினார். ஜெயமணியின் ஆங்கிலத்தில் இருந்த இலக்கணப் பிழைகளை ஒவ்வொருவரும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்தினார்கள். இரண்டு மூன்று ஆண்டுகளில் அந்த வரி பட்டம் வாங்கிய வரிபோல நிமிர்ந்து நின்றது. பிழை திருத்தியவர்களில் ஒருவருக்குக்கூட உண்மையா என்று கேட்கத் தோன்றவில்லை.

இரண்டாயிரத்து எட்டில் கிடங்கு வளாகத்துக்குப் புதிய காவலாளி வந்தார். ஒகோன் என்று பெயர். தென்கிழக்கு நைஜீரியாவின் இபிபியோ மக்களைச் சேர்ந்தவர். வாயிலில் தடுப்புக் கம்பியைத் தூக்குவதும் இறக்குவதும் அவருடைய டூட்டி. வெயில் தாளாத பகலில், சாப்பாட்டு நேரத்தில், தண்ணீர் பிடிக்கிற சாக்கில் ஏசிக்கு உள்ளே வருவார். ஜெயமணியை ‘ஜெய்’ என்பார். பாதி ஆங்கிலம், பாதி இந்தி, நடுவில் அரபியும் கலந்து இருவரும் பேசிக்கொள்வார்கள்.

அன்று ஜெயமணி புதிதாக வந்த முகமூடி ஒன்றை மேசையில் வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். கரிய முகம். மூக்கு பாதி அரித்துப்போனது மாதிரி செதுக்கியிருந்தது. தாடை பிளந்து, பிளவின் மேல் வெள்ளைத் தகரத் துண்டு ஒன்றை ஆணி அடித்து வைத்திருந்தது. ஒகோன் கையிலிருந்த தண்ணீர்க் குவளையைக் கீழே வைத்தார். வைத்தவர் பக்கத்தில் வரவில்லை.

"ஜெய், அதைத் திருப்பு. உள்பக்கம். தகரத்தில் எழுத்து இருக்கும், பார். பால் டின்."

ஜெயமணி திருப்பினார். துருவுக்கு நடுவே பால் டின்னின் நீல எழுத்தில் பாதி தெரிந்தது.

"உனக்கு எப்படித் தெரியும் பாய்?"

"அந்தப் பால் குடித்தது நான். டின்னை வெட்டி அடித்தவர் என் அப்பா. கதவிடுக்கில் ஒளிந்து பார்த்தேன்."

ஒகோன் சொன்னதை ஜெயமணி சொல்லித்தான் நான் அறிவேன். ஆண்டுக்கு ஒரு பருவம், இறந்துபோன பெரியவர்கள் அந்த முகங்களில் ஊருக்குத் திரும்பி வருவார்களாம். அந்தத் தாடை உடைந்த முகத்தை அணிந்து ஆடியவர் ஒகோனின் அப்பா. ஒகோன் பள்ளியில் படித்த காலத்தில் ஒரு மழைநாளில் முகங்களை வைத்திருந்த வீட்டின் பின்சுவர் உடைக்கப்பட்டு, அப்பாவின் முகம் காணாமல் போயிருந்தது. அப்பா இப்போது படுக்கையில் இருந்தார். அவர் செத்தால் எந்த முகத்தில் திரும்பி வருவார்? அந்தக் கேள்விதான் ஒகோனைத் தின்றது.

செத்தவர் எந்த முகத்திலும் திரும்பி வருவதில்லை. அதில் எனக்கு ஐயமே கிடையாது. ஆனால் நம்பிக்கை தவறானது என்பதால் திருட்டு சரியாகிவிடுமா? நம் ஊர்ச் செப்புச் சிலை வெளிநாட்டு அருங்காட்சியகத்தில் நின்றால், சாமி கும்பிடாத எனக்கும்தான் வயிறு எரிகிறது. அதே நாம்தான் ஓட்டல் சுவரில் மாட்டியிருக்கும் ஆப்பிரிக்க முகத்தைத் தட்டிப் பார்த்து ‘நல்ல மரம்’ என்கிறோம். எரிகிற வயிறு நம்முடையதாக இருந்தால்தான் நமக்குத் தெரியும்போல.

ஜெயமணி முதலாளியிடம் போனார். முதலாளி கோபப்படவில்லை. முகம் வெளுத்தது.

"திருட்டுச் சாமானா? என் கிடங்குலயா? அந்தப் பையன் சொல்றது நெசம்னா இன்னைக்கே எடுத்துட்டுப் போகட்டும். ஹராமானது ஒரு நாள்கூட இங்க இருக்கக் கூடாது. ஆனா நெசமான்னு தெரியணும்ல? ஒரு போட்டோ இருக்கா, கேளு."

ஒகோன் ஊருக்கு போன் செய்தார். போட்டோ இல்லை. அந்த முகத்தைப் படம் எடுக்க அவர்கள் ஊரில் யாருக்கும் அனுமதி கிடையாது. பெண்களும் பிள்ளைகளும் அதைக் கிட்டத்தில் பார்க்கவே கூடாது. மதித்துப் பாதுகாத்தவர்களிடம் ஒரு படம்கூட இல்லை. திருடுபோன பிறகுதான் அந்த முகம் முதன்முதலாகப் படமெடுக்கப்பட்டது, அதுவும் ஜெயமணியின் மேசைமேல், விலை போடுவதற்காக.

பெண்களுக்கு மறைத்து வைப்பது நியாயமா என்று ஒகோனிடம் நான் சண்டை போடலாம். முகம் அவரிடம் திரும்பிய பிறகு போடுவேன்.

"சரி, நெட்டுல பாத்துடுவோம்" என்றார் முதலாளி. நியாயமான மனிதர், நியாயமான வழி என்று நினைத்தார். ஒகோனைக் கூப்பிட்டு நாற்காலியில் உட்காரவைத்தார். ஜெயமணியைத் தேடச் சொன்னார். அரித்துப்போன மூக்கு, கரிய முகம், பிதுங்கிய கண் என்று ஜெயமணி ஆங்கிலத்தில் அடிக்க அடிக்க, பக்கம் பக்கமாக வந்து விழுந்தது. மாலி. திருஷ்டி. மாலி. திருஷ்டி.

முதலாளி திரையை ஒகோன் பக்கம் திருப்பினார். "மை ஃப்ரெண்ட், பாரு. இது மாலி. நீ நைஜீரியா."

"யார் சொன்னது சார்?"

"யாரா? எல்லாரும் சொல்றாங்க. இது அமெரிக்கா. இது லண்டன். இத ஒரு படிச்ச ஆளு எழுதியிருக்காரு. வீட்டு முன்னால மாட்டுறதாம். நீ செத்தவங்க மொகம்னு சொல்றே."

ஜெயமணி எழுந்து நின்றார். "மொதலாளி, அது நான் எழுதுனது."

"எது?"

"எல்லாமே. நீங்கதானே தோணுறத எழுதுன்னீங்க. எனக்குத் திருஷ்டி பொம்மை மாதிரி தோணுச்சு. மாலின்னு போட்டது ஸ்பெல்லிங்குக்குப் பயந்து."

முதலாளி அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். கேலிச் சிரிப்புகூட இல்லை, வாஞ்சையான சிரிப்பு.

"ஏம்ப்பா, லண்டன்காரனும் அமெரிக்காக்காரனும் உன்னப் பாத்து எழுதுனானா? நீ அவங்களப் பாத்து எழுதியிருப்பே, மறந்திருப்பே. அந்தப் பையன் மேல எரக்கப்பட்டுப் பேசுறே, தெரியுது. எரக்கம் வேற, கணக்கு வேற தம்பி."

உண்மையைச் சொன்னவர் அங்கே எழுதிய ஆளாகவே இருந்தார். ஆனாலும் அவர் பெட்டி பிரிக்க வந்த ஹெல்பர். பொய் கண்டம் தாண்டிப் போய் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு திரும்பியிருந்தது. யாரை நம்புவார்கள்? நீங்கள் அந்த நாற்காலியில் இருந்திருந்தால் யாரை நம்பியிருப்பீர்கள்?

ஒகோன் நாற்காலியை விட்டு எழுந்து டூட்டிக்குப் போனார்.

அந்த முகமும் முதலாளி சொன்னபடி ‘மாலி, திருஷ்டி’ என்றே இணையத்தில் ஏறி விற்றுப்போனது. கூரியர் வண்டி வந்தது. வாயிலில் ஒகோன் நின்றார். கேட் பாஸை வாங்கிப் பார்த்தார். வண்டியின் பின்கதவுப் பக்கம் போனார். திறக்கவில்லை, தொட்டுக்கொண்டு நின்றார். ஓட்டுநர் ஹாரன் அடித்தார்.

"யல்லா பாய், யல்லா!"

கம்பியைத் தூக்க மறுத்தால் வேலை போகும். வேலை போனால் விசா போகும். கஃபீல் என்கிற விசா முதலாளி ஒருவன் கையில் இன்னொரு மனிதனின் முழு வாழ்க்கையையும் கொடுத்திருக்கும் நாட்டில், ஒரு காவலாளி தன் அப்பாவின் முகத்தைத் தானே வழியனுப்ப வேண்டியிருந்தது. ஒகோன் கம்பியைத் தூக்கினார். ஜன்னல் வழியாக ஜெயமணி பார்த்துக்கொண்டிருந்தார். வண்டி போய்ப் புழுதி அடங்கிய பிறகும் கம்பி இறங்கவில்லை. பின்னால் வந்த வண்டிக்காரர் இறங்கி வந்து திட்டிய பிறகுதான் இறங்கியது.

அடுத்த மாதம் ஒகோனை அஜ்மானில் வேறு சைட்டுக்கு மாற்றிவிட்டார்கள். ஜெயமணியின் நம்பரை மட்டும் வாங்கிக்கொண்டு போனார்.

ஜெயமணி சும்மா இருக்கவில்லை. தங்கள் தளத்தில் எல்லாப் பக்கத்திலும் ‘மாலி’யை அழித்தார். பயன் என்ற கட்டத்தில் ‘எனக்குத் தெரியாது’ என்று எழுதினார். அவர் எழுதியதிலேயே உண்மையான வரி அதுதான். தெரியாத சாமானை யார் வாங்குவார்கள் என்று முதலாளி அதைப் பழையபடி மாற்றச் சொன்னார். வெளித் தளங்களுக்கு ஜெயமணி தன் லோயர் ஆங்கிலத்தில் மின்னஞ்சல் போட்டார்: நான்தான் எழுதினேன், தப்பு, எடுத்துவிடுங்கள். பெரும்பாலும் பதில் இல்லை. ஒரே ஒரு சேகரிப்பாளர் மரியாதையாகப் பதில் எழுதினார். பல தளங்கள் ஒரே தகவலைத் தருகின்றன, அதற்கு மாறாகச் சொல்ல உங்களிடம் என்ன ஆதாரம் இருக்கிறது என்று.

இரண்டாயிரத்து ஒன்பதில் ஊரில் ஜெயமணியின் சொந்த வீடு எழும்பிக்கொண்டிருந்தது. அப்பா காலமாகியிருந்தார். மனைவி நாகவள்ளிதான் நின்று கட்டினார். பிரவுசிங் சென்டரிலிருந்து அவர் அனுப்பிய படத்தை, ஜெயமணி அதே கிடங்கில், அதே கணினியில் திறந்தார். கான்கிரீட் தளம் போட்டாயிற்று. முன்வாசல் நிலை வைத்தாயிற்று. நிலைக்கு மேலே, சாரத்தில் ஒரு ஃபிளக்ஸ் படம் தொங்கியது.

கரிய முகம். அரித்துப்போன மூக்கு. தாடையில் வெள்ளையாக ஒரு தகரம்.

அது அவர் எடுத்த படம். ஓரத்தில் அவர் மேசையின் விளிம்புகூட வெட்டப்படாமல் இருந்தது.

போன் போட்டார்.

"நாகவள்ளி, முன்னால தொங்குது பாரு, அது என்ன?"

"திருஷ்டிப் படங்க. பஸ் ஸ்டாண்டு ஃபிளக்ஸ் கடையில அடிச்சது. பூசணிக்கா பொம்மையெல்லாம் இப்ப யாரு கட்டுறா? இது ஆப்பிரிக்காவுதாம், பவரு ஜாஸ்தியாம். நெட்டுலயே போட்டிருக்குன்னு கடைக்காரரு காட்டுனாரு. நம்ம தெருவுல பாதி வீட்டுல இதான்."

"அத அவுத்துப் போடு."

"என்னது? பால் காய்ச்சாம அவுக்கக் கூடாதுங்க. உங்க அப்பா இருந்தா இப்படிப் பேசுவீங்களா?"

"அது ஒருத்தரோட அப்பா மூஞ்சி. நெட்டுல போட்டது நான்தான். ஒண்ணுந் தெரியாம, சும்மா எழுதுனேன்."

 நாகவள்ளி சிரித்தார்.

"ஆமா, நெட்டக் கண்டுபிடிச்சதே நீங்கதான். வெயில்ல ரொம்ப நேரம் நின்னீங்களா? மோரு கீரு குடிச்சிட்டுப் படுங்க."

அந்த வாரமே ஒகோன் அழைத்தார். குரலில் அழுகை இல்லை. அழுது முடித்திருந்தார்.

"ஜெய், என் அப்பா கலாஸ். போய்விட்டார், முந்தாநாள்."

ஜெயமணி என்ன சொன்னார் என்று அவருக்கே நினைவில்லை. வருத்தம் தெரிவித்திருப்பார். ஒகோனுக்கு லீவு கிடைக்கவில்லை. ஊரில் அடக்கம் முடிந்துவிட்டது. பருவம் வரும்போது மற்ற பெரியவர்கள் திரும்புவார்கள், என் அப்பா மட்டும் வர வழியில்லை என்றார். அப்புறம் கேட்டார்:

"அந்த முகம் எங்கே இருக்கிறதென்று ஏதாவது தெரிந்ததா, பிரதர்?"

திரையில் வீடு திறந்தே இருந்தது. தன் வீட்டு நிலைக்கு மேலே, தன் மனைவி கட்டி வைத்த கயிற்றில் அந்த முகம் காற்றில் லேசாகச் சுருண்டிருந்தது. மரம் யாரோ பணக்காரர் வீட்டில். படம் அருப்புக்கோட்டைத் தெருவெல்லாம். ஒகோன் ஊரில் மட்டும் இல்லை.

"மாஃபி" என்றார் ஜெயமணி. இல்லை, ஒன்றும் இல்லை.

ஜெயமணி இன்னும் ஷார்ஜாவில்தான் இருக்கிறார். கணினியை விட்டுவிட்டார். தானே கேட்டு வாங்கிக்கொண்டு மறுபடி பெட்டி பிரிக்கப் போய்விட்டார். பால் காய்ச்சிய பிறகும் நாகவள்ளி படத்தை அவிழ்க்கவில்லை. வீட்டுக்கு நல்லதுதானே என்கிறார். ஜெயமணி சொன்னதை நம்புகிறவர் இன்றுவரை யாருமில்லை.

நீங்களாவது நம்புங்கள். உங்கள் தெருவில் புதிதாக வீடு எழும்பினால், ஒரு நிமிடம் நின்று சாரத்தைப் பாருங்கள். கரிய முகத்தில் தாடையை ஒட்டி வெள்ளைத் தகரம் தெரிந்தால், அந்த வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, அது திருஷ்டிப் படம் இல்லை, ஒகோனுடைய அப்பாவின் முகம் என்று சொல்லுங்கள். சிரிப்பார்கள். சிரிக்கட்டும். ஏணியைக் கேட்டு வாங்கி, நீங்களே ஏறிக் கயிற்றை அவிழ்த்து இறக்குங்கள்.